திருவனந்தபுரம் 30 கிலோ தங்கம்: பணத்தின் தடத்தை யார் பார்ப்பது?

2020 ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் சுங்கத் துறையினர் ஒரு பார்சலைத் திறந்தார்கள். துபாயிலிருந்து வந்து சில நாட்களாக அங்கேயே கிடந்த பார்சல் அது. மேலே ஐக்கிய அரபு அமீரகத் துணைத் தூதரகத்தின் முகவரி, உள்ளே குளியலறைச் சாமான்கள், அந்தச் சாமான்களுக்குள்ளே 30 கிலோ 24 காரட் தங்கம். அன்றைய மதிப்பு சுமார் 14.82 கோடி ரூபாய். தூதரகப் பை என்றால் நினைத்த நேரத்தில் பிரித்துப் பார்த்துவிட முடியாது. துணைத் தூதரகங்கள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கைப்படி, பலமான சந்தேகம் இருந்தால் பையை அனுப்பிய நாட்டின் பிரதிநிதி முன்னிலையில் திறக்கச் சொல்லிக் கேட்கலாம், மறுத்தால் பையைத் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். இங்கே வெளியுறவுத் துறையின் அனுமதி வாங்கி, துணைத் தூதரகத்தின் ஆளை வைத்துக்கொண்டுதான் பிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்த அரசியல் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் நான் போகப் போவதில்லை. தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே இருக்கும் சின்ன நகைக்கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஊர்கள், வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊர்கள். அந்த 30 கிலோ பிடிபடாமல் போயிருந்தால் அதில் ஒரு பங்கு எப்படியும் எங்கள் பக்கத்துக் கடைத்தெருக்களில்தான் வளையலாகவும் சங்கிலியாகவும் மாறியிருக்கும். அதனால்தான் இந்த வழக்கை ஒரு பாடமாக எடுத்து எழுதுகிறேன். பணத்தை வெளுப்பதையும் தீவிரவாதத்துக்குப் பணம் போவதையும் தடுக்க உலக அளவில் ஒரு கண்காணிப்பு இருக்கிறது, அது எங்கே வேலை செய்தது, எங்கே செய்யவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முதலில் தங்கம் ஏன் இப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். 2020ல் தங்கத்துக்கு இறக்குமதி வரி 12.5 சதவீதம். மேலே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடிபட்ட தங்கத்தின் மதிப்பை வகுத்துப் பார்த்தால் கிலோ 49 லட்சத்துக்கு மேல் வருகிறது. ஆக இறக்குமதி வரி மட்டுமே கிலோவுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் மிச்சம். குருவியாக, அதாவது தங்கத்தை மறைத்துக் கொண்டுவரும் ஆளாக, போய் வருகிறவனுக்கு டிக்கெட் போட்டு, கையில் கொஞ்சம் கொடுத்து, இடையில் இருப்பவர்களுக்கும் கொடுத்த பிறகும் லாபம் நிற்கும். இந்தப் பணம் கடையில் எப்படித் தெரியும் என்றால், சேதாரத்தில் தெரியும். வரி கட்டி வாங்கிய தங்கத்தில் நகை செய்கிறவர் ஒரு அளவுக்கு மேல் சேதாரத்தைக் குறைக்க முடியாது. பில் இல்லாத கட்டியை வாங்கி உருக்குகிறவர் பாதிச் சேதாரம் என்று போர்டு வைக்கலாம். வாடிக்கையாளருக்கு இது தெரியாது. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்தான் கொள்ளையடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கிப் போவார்கள். இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் வரி ஏய்ப்பு இதில் பாதிக் கதைதான், மீதிப் பாதி ஹவாலா. துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்கு இரண்டு லட்சம் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போகாமல் தெரிந்த ஆள் ஒருவரிடம் திர்ஹாமைக் கொடுக்கிறார். ஒரு போன் போகிறது. இங்கே யாரோ பைக்கில் வந்து வீட்டில் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கேரளத்தில் இதைக் குழல்பணம் என்பார்கள். பணம் கடலைத் தாண்டவே இல்லை. அங்கே திர்ஹாம் சேர்ந்துகொண்டே போகிறது, இங்கே ரூபாய் குறைந்துகொண்டே போகிறது, இந்தக் கணக்கு எங்காவது ஒரு இடத்தில் நேராக வேண்டும் அல்லவா? அங்கேதான் தங்கம் வருகிறது. அங்கே சேர்ந்த திர்ஹாமில் தங்கம் வாங்கி, இங்கே கொண்டுவந்து ரொக்கத்துக்கு விற்று, அந்த ரொக்கத்தை அடுத்த வீடுகளுக்குப் பங்கு வைக்கிறார்கள். சரக்கைக் கொண்டு கணக்கை நேர் செய்யும் இந்த முறையை, அந்த உலகக் கண்காணிப்பை நடத்தும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற அமைப்பு 2013ல் வெளியிட்ட ஹவாலா பற்றிய அறிக்கையே விவரித்திருக்கிறது.

இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தத் திர்ஹாமைக் கொடுத்தவர் பெரும்பாலும் வெயிலில் வேலை பார்த்துச் சம்பாதித்த நம் ஊர்க்காரர்தான். வங்கி நேரத்துக்குப் போக முடியவில்லை, கமிஷன் குறைவு, பணம் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சேரும், அதற்காகத்தான் கொடுத்தார். ஆனால் அதே குழாயில் போதைப்பொருள் விற்ற பணமும் வரும், லஞ்சப் பணமும் வரும், ஒரு குண்டுவெடிப்புக்குத் தேவையான பணமும் வரலாம். குழாயின் நடுவில் நின்று பார்க்கிறவருக்கு எது எவருடைய பணம் என்று பிரிக்கவே முடியாது. உலகக் கண்காணிப்பு என்று ஒன்று வந்ததே இதனால்தான்.

எஃப்.ஏ.டி.எஃப். என்கிற நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை 1989ல் பாரிஸில் கூடிய ஜி-7 நாடுகள் ஆரம்பித்தன. அதற்குப் போலீஸ் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. 40 பரிந்துரைகள் இருக்கின்றன. ஒரு நாட்டை மற்ற நாட்டு நிபுணர்கள் வந்து அந்த 40ஐயும் வைத்துச் சோதிப்பார்கள், சட்டம் இருக்கிறதா என்று தனியாகவும், அந்தச் சட்டம் நடைமுறையில் வேலை செய்கிறதா என்று தனியாகவும். தேறாத நாடு சாம்பல் பட்டியலுக்குப் போகும், மோசமானால் கறுப்புப் பட்டியல். பட்டியலில் பெயர் வந்தால் வெளிநாட்டு வங்கிகள் அந்த நாட்டுப் பணத்தைக் கையில் எடுக்கவே யோசிக்கும், அந்தப் பயம்தான் அதன் பலம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தீவிரவாத நிதியும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. இந்தியா 2010ல் உறுப்பினர் ஆனது.

துபாய்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமீரகத்தைப் பற்றிய இவர்களுடைய மதிப்பீட்டு அறிக்கை வெளியானது 2020 ஏப்ரலில், அதாவது நம் பார்சல் பிடிபடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான். 2022 மார்ச்சில் அமீரகம் சாம்பல் பட்டியலில் போடப்பட்டது, 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது. அங்கே ஹவாலா நடத்துகிறவர்கள் மத்திய வங்கியில் பதிவு செய்து நடத்தலாம், இங்கே ஹவாலாவே சட்டவிரோதம். குழாயின் ஒரு முனை பதிவேட்டில் இருக்கிறது, மறுமுனை இருட்டில் இருக்கிறது. இரண்டு முனையையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் இரு நாட்டு நிதி உளவுப் பிரிவுகளும், அதாவது சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகளை வாங்கிப் பார்க்கும் அரசு அமைப்புகளும், தகவல் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்காகவே 1995ல் எக்மாண்ட் குழு என்ற அமைப்பு வந்தது, இந்தியாவின் நிதி உளவுப் பிரிவு 2007ல் அதில் சேர்ந்தது.

வழக்குக்கு வருகிறேன். ஜூலை 10ஆம் தேதியே என்.ஐ.ஏ. என்கிற தேசியப் புலனாய்வு முகமை வழக்குப் பதிவு செய்தது, அதுவும் தீவிரவாத வழக்குகளுக்கான உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டத்தில். இது வெறும் கடத்தல் இல்லை, நாட்டின் பொருளாதாரப் பாதுகாப்புக்கு எதிரான தீவிரவாதச் செயல் என்பது அவர்கள் வாதம். அமலாக்கத் துறை சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் தனி வழக்கு, சுங்கத் துறை தன் சட்டத்தில் தனி வழக்கு. முன்பே இதே வழியில் வந்ததையும் சேர்த்தால் மொத்தம் 167 கிலோ என்றன விசாரணை அமைப்புகள்.

கடத்தலுக்கு உபா எப்படி? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இந்த வழக்கின் முடிச்சே இதுதான். எஃப்.ஏ.டி.எஃப். உறுப்பினராகச் சேரும்போது இந்தியா தன் சட்டங்களைத் திருத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தது. அதன்படி 2012ல் உபா சட்டத்தில் ஒரு திருத்தம் வந்து, 2013 பிப்ரவரி 1 முதல் அமலானது. 15ஆம் பிரிவில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: உயர்தரக் கள்ள நோட்டு, நாணயம் அல்லது வேறு எந்தப் பொருளையும் தயாரித்தோ கடத்தியோ புழக்கத்தில் விட்டோ நாட்டின் பண ஸ்திரத்தன்மைக்குச் சேதம் விளைவித்தால் அதுவும் தீவிரவாதச் செயல். அந்த ‘வேறு எந்தப் பொருளும்’ என்பதில் தங்கமும் அடங்கும் என்று என்.ஐ.ஏ. சொன்னது.

கேரள உயர் நீதிமன்றம் 2021 பிப்ரவரி 18ல் இதை ஏற்கவில்லை. ஜாமீன் விவகாரத்தில் வந்த தீர்ப்புதான், ஆனால் முக்கியமானது. அந்த வரி கள்ள நோட்டையும் கள்ள நாணயத்தையும் பற்றிப் பேசுகிறது, அவற்றோடு சேர்ந்த பொருளைத்தான் அது குறிக்கும், தங்கத்தைக் குறிக்காது. சுங்கச் சட்டத்தில் அடங்குகிற தங்கக் கடத்தல், நாட்டின் பொருளாதாரப் பாதுகாப்பையோ பண ஸ்திரத்தன்மையையோ அச்சுறுத்தும் நோக்கத்தில் செய்யப்பட்டது, அல்லது அப்படி அச்சுறுத்தக்கூடியது என்று ஆதாரம் காட்டினால் ஒழிய தீவிரவாதச் செயல் ஆகாது என்றது. அதே மாதம் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் வேறொரு தங்கக் கடத்தல் வழக்கில் உபா வழக்கை ரத்து செய்ய மறுத்து, வேறு பார்வை எடுத்தது. ஒரே சட்டம், ஒரே உலோகம், இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு விதம். 2021 நவம்பரில் கேரளத்தில் முக்கியக் குற்றவாளிகளாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் என்.ஐ.ஏ. வழக்கில் ஜாமீன் கிடைத்தது.

கேரளத் தீர்ப்பு சரியென்றே நான் நினைக்கிறேன். கடத்தல்காரர்கள் மேல் எனக்கு ஒரு சொட்டு இரக்கமும் கிடையாது. ஆனால் தீவிரவாத நிதி என்று சொல்ல வேண்டுமானால் தங்கம் விற்ற ரூபாய் எந்தக் கைக்குப் போனது என்று காட்ட வேண்டும். தங்கத்தைக் காட்டினால் போதாது. கனமான சட்டத்தை எடுத்ததால் தடம் தானாக வந்துவிடாது. தடம் இல்லாமல் கனமான சட்டத்தை எடுத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு: வளைகுடாவிலிருந்து இரண்டு வளையல் போட்டுக்கொண்டு வருகிற பெண்ணைக்கூட ஊர் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கும். எங்கள் பக்கம் அந்தப் பார்வை வந்தே விட்டது. யாருடைய பெயரைக் கேட்டதும் சந்தேகம் வருகிறது என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது அநியாயம்.

சரி, தடம் எங்கே தொலைகிறது? கடையில். விமான நிலையத்தைத் தாண்டிய தங்கம் ரூபாயாக மாறுகிற இடம் ஒரு உருக்குப் பட்டறையோ நகைக்கடைக் கவுண்ட்டரோதான். நான் கணக்கு எழுதும் கடை ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோதே நடந்தது. முப்பது வயதிருக்கும் ஒருவர் வந்து கைக்குட்டையிலிருந்து ஒரு பெல்ட் பக்கிளை எடுத்து வைத்தார். பார்த்தால் வெள்ளி நிறம்.

“அண்ணே, தம்பி துபாய்ல இருந்து கொண்டு வந்தது. என்ன கிடைக்கும்னு பாத்துச் சொல்லுங்க.”

கடைக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். வெள்ளிக்கு அந்தக் கனம் வராது. ஓரத்தைக் கல்லில் உரசினார், வெள்ளைப் பூச்சு போய் மஞ்சள் கோடு விழுந்தது. தங்கத்தின் தரம் பார்க்கும் டச் மெஷினில் வைத்ததும் 24 காரட் காட்டியது. மேலே ரோடியம் பூசி இருக்கிறார்கள். யாரும் 24 காரட்டில் பெல்ட் பக்கிள் செய்து மாட்டிக்கொள்வதில்லை.

“பில் உண்டா தம்பி?”

“பில் எதுக்குண்ணே, நம்ம வீட்டுப் பொருள்தானே.”

“வீட்டுப் பொருள்னா வீட்டுலயே வையிப்பா. எனக்கு வேண்டாம்.”

அவர் ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். சாயங்காலத்துக்குள் வேறொரு இடத்தில் அது உருகியிருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. உருகிவிட்டால் எந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது கேள்வி இது: அந்தக் கடைக்காரர் தான் பார்த்ததை யாரிடம் சொல்ல வேண்டும்? போலீசுக்குப் போன் போட்டால் நாளைக்கு அவர்தான் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்ற பயம். வங்கி என்றால் தாமதிக்காமல் நிதி உளவுப் பிரிவுக்குச் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது, அனுப்புவதற்கென்றே ஒரு அதிகாரி இருக்கிறார், அனுப்பியது வெளியே தெரியாது. நகைக்கடைக்கு?

நகைக்கடைக்கும் சட்டம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் நகை வியாபாரிகளைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரிலேயே விலக்கிக்கொண்டார்கள். திருவனந்தபுரம் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2020 டிசம்பர் 28ல், திரும்பவும் கொண்டுவந்தார்கள். ஆனால் எப்போது பொருந்தும்? ஒரு வாடிக்கையாளரிடம் 10 லட்சம் ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரொக்கத்தில் பரிவர்த்தனை செய்தால். இன்னொரு பக்கம் வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். 2 லட்சத்திலேயே ரொக்கத்தை நிறுத்திவிடுகிற நேர்மையான கடை 10 லட்சத்தை ஒருநாளும் தொடாது, அதனால் தகவல் சொல்லும் கடமை உள்ள நிறுவனமாக ஆகவே ஆகாது. 10 லட்சத்தை ரொக்கமாகக் கைமாற்றுகிறவரோ ஏற்கெனவே ஒரு சட்டத்தை மீறியவர், அவர் தானே முன்வந்து அறிக்கை அனுப்புவாரா? பெல்ட் பக்கிளைத் திருப்பி அனுப்பிய எங்கள் கடைக்காரர் போன்றவர்கள்தான் உண்மையில் தகவல் தரக்கூடியவர்கள், அவர்களுக்குத்தான் வழி இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. எஃப்.ஏ.டி.எஃப். குழு 2023 நவம்பரில் இந்தியாவுக்கு வந்து பார்த்தது, 2024 ஜூனில் சிங்கப்பூரில் மதிப்பீட்டை ஏற்றது, செப்டம்பரில் அறிக்கை வெளியானது. 40ல் 37 பரிந்துரைகளில் இந்தியா முழுமையாகவோ பெரும்பாலுமோ தேறியது. பெரிய நாடுகளில் சிலவற்றுக்குத்தான் கிடைக்கும் நல்ல மதிப்பீடு அது, பெருமைப்படலாம். குறைவாகத் தேறிய மூன்று எவை என்று பாருங்கள்: தொண்டு நிறுவனங்கள் பற்றியது, அரசியல் செல்வாக்கு உள்ளவர்களின் கணக்குகளைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பது, நகைக்கடை போன்ற நிதித்துறை சாராத தொழில்களை மேற்பார்வை செய்வது. இரண்டாவதும் மூன்றாவதும் திருவனந்தபுரம் வழக்கில் அப்படியே இருக்கின்றன. அதிகாரத்துக்கு நெருக்கமான ஆட்கள், வங்கி லாக்கர்களில் கிடந்த சுமார் ஒரு கோடி ரூபாய் ரொக்கம், அப்புறம் தங்கம். வங்கிக் கணக்கில் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் போட்டால் உளவுப் பிரிவுக்கு அறிக்கை போகிறது, அதே வங்கியின் லாக்கரில் ஒரு கோடியை வைத்துப் பூட்டினால் யாருக்கும் எதுவும் போவதில்லை.

நாட்டில் சுமார் 1,75,000 தங்க, வைர வியாபாரிகள் வரி வலைக்குள் இருக்கிறார்கள், அவர்களில் நகை ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவில் பதிவானவர்கள் சுமார் 9,500 பேர்தான் என்றது அதே அறிக்கை. மேற்பார்வை செய்ய வேண்டிய பொறுப்பு மறைமுக வரிகள் வாரியத்தின் தணிக்கை இயக்குநரகத்திடம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலான கடைக்காரர்களுக்கு அப்படி ஒரு மேற்பார்வையாளர் இருப்பதே தெரியாது. ஜி.எஸ்.டி. ஆபீஸ் தெரியும், ஹால்மார்க் சென்டர் தெரியும், அவ்வளவுதான்.

ஹால்மார்க் வந்துவிட்டதே, 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கட்டாயம் ஆயிற்றே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குறியீட்டைப் போட்டுப் பார்த்தால் எந்தக் கடை, எந்த சென்டர், என்ன தரம் என்பது தெரியும். வாங்குகிறவர்களுக்கு நல்ல பாதுகாப்பு, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த வளையலுக்கான தங்கம் வங்கியில் வாங்கிய கட்டியா, பாட்டியின் பழைய காப்பா, குருவி கொண்டுவந்த பக்கிளா என்பதை அது சொல்லாது. கடத்தல் தங்கத்துக்கும் ஒழுங்காக 916 முத்திரை விழும்.

2024 ஜூலையில் இறக்குமதி வரியை 15லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தது என் பார்வையில் பத்து ரெய்டுக்குச் சமம். லாபம் குறைந்தால் குருவி பறப்பது குறையும். ஆனால் ஹவாலாக் கணக்கை நேர் செய்ய வேண்டிய தேவை வரியால் மட்டும் வந்ததில்லை, அதனால் தங்கம் வருவது முற்றிலும் நிற்காது. வரி குறைந்ததோடு கடைப் பக்கத்து மேற்பார்வையும் வந்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். அதற்குப் பெரிய சட்டம் எதுவும் புதிதாக வேண்டாம். எல்லா நகை வியாபாரிக்கும் பட்டறைக்கும் கட்டாயப் பதிவு, 10 லட்சம் என்ற வரம்பை 2 லட்சத்தோடு பொருந்தும்படி இறக்குவது, சின்னக் கடைக்காரர் பெயர் வெளியே வராமல் தகவல் சொல்ல ஒரு எளிய வழி. கேரளத்துக் கடைக்கும் தமிழ்நாட்டுக் கடைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் களியக்காவிளையில் வேண்டாம் என்றது பாறசாலையில் உருகும், பாறசாலையில் வேண்டாம் என்றது மார்த்தாண்டத்தில் உருகும்.

எஃப்.ஏ.டி.எஃப். இந்தியாவை வழக்கமான தொடர் கண்காணிப்பில் வைத்திருக்கிறது. மூன்று ஆண்டில், அதாவது 2027ல், என்ன திருத்தினோம் என்று இந்தியா போய்ச் சொல்ல வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நான் கணக்கு எழுதும் கடைகளுக்காக ஒரு பதிவேட்டுப் படிவம் போட்டிருக்கிறேன், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். விற்க வந்தவர் பெயர், அடையாள அட்டை, பொருளின் எடை, டச், எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னது, பில் உண்டா இல்லையா, பணம் எந்த வழியில் கொடுத்தோம். வாங்காமல் திருப்பி அனுப்பியதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதுவதை எந்த ஆபீசில் கொடுப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தணிக்கை இயக்குநரகத்துக்கு அந்தக் கேள்வியையே கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன், கடைக்காரர்களின் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருக்கிறேன்.